கடைசிப் பாகத்தில் போர் முடிந்த பிறகு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தொடராக வரும் மிகுபுனைவு நாவல்களின், அதாவது மாயமும் மந்திரமும் கலந்த கற்பனை உலகக் கதைகளின், இறுதிப் பாகத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள். வாசிக்கிறவர்களும் எழுத முனைகிற இளையவர்களும் கலந்திருக்கிற அவை இது. நான் எழுதுகிறவர் பக்கம் நின்றுதான் கதைக்கப் போகிறேன். சில தொடர்களின் முடிவில் வாசகர்களுக்கு வருகிற கோபத்துக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இறுதிப் பாகம் வந்தவுடன் எல்லோரும் கேட்கிற கேள்வி, கடைசிப் போர் எப்படி, எதிரி எப்படி விழுகிறான் என்பது. என் கட்சி வேறு. முந்தின பாகங்கள் ஒழுங்காக அமைந்திருந்தால் போர் தன்பாட்டில் வந்து சேரும். தொடர் தேறுவதும் கவிழ்வதும், போர் முடிந்த மறுநாளுக்கு ஆசிரியர் எத்தனை பக்கம் ஒதுக்கினார் என்பதிலேதான்.

ரோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நூலின் மூன்றாம் பாகம் 1955 ஒக்ரோபர் 20 இல் வெளிவந்தது. அதன் பிற்பாதி ஒன்பது அத்தியாயங்கள். எதிரியின் வலிமையெல்லாம் அடங்கிய மோதிரம் எரிமலையில் விழுந்து அழிவது அதில் மூன்றாவது அத்தியாயத்தில். எதிரி அழிந்தான், கோட்டை இடிந்தது. அதற்குப் பிறகும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன! முடிசூட்டு, திருமணம், ஒவ்வொருவராக விடைபெறுதல், ஊர் திரும்புதல், திரும்பிய ஊர் பாழாய்க் கிடப்பது, கடைசியாகக் கப்பலேறுதல். 2003 இல் வந்த திரைப்படம் ஊர் பாழான பகுதியை முழுதாக வெட்டிவிட்டது. திரையில் நேரம் போதாது என்பது நியாயம்தான். ஆனால் நூலின் நெஞ்சு அந்தப் பகுதியில் இருக்கிறது என்பேன்.

கோயிலில் கந்தபுராணத்தை வாசித்துப் பொருள் சொல்லும் படனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆறு காண்டங்களில் நான்காவதான யுத்த காண்டத்தோடு சூரன் கதை முடிகிறது. பிறகும் தேவ காண்டம், தட்ச காண்டம் என்று இரண்டு. தெய்வயானை திருமணம் சூரன் போருக்குப் பின்தான். வள்ளி திருமணமோ நூலின் அந்தத்தில். கோயிலிலும் அதே ஒழுங்குதான். சஷ்டியன்று சூரன் போர், மறுநாள் திருக்கல்யாணம். சூரன் விழுந்துவிட்டான் என்று வாசிப்பவரும் பயன் சொல்பவரும் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு எழும்பிப் போவதில்லை.

பாரதம் இன்னும் கடுமையானது. பதினெட்டுப் பருவங்களில் பதினெட்டு நாட் போர் ஒன்பதாவதில் முடிகிறது, பத்தாவதில் அசுவத்தாமன் இரவில் பாசறைக்குள் புகுந்து செய்யும் கொலை. மிச்சம் எட்டுப் பருவங்களும் போருக்குப் பின்னான கதை. அதில் முதலாவது, பெண்கள் களத்தில் இறங்கித் தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடுவது. தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்திவிட்டார். செய்யுள் நயத்தில் அவருக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் களத்துக்கு வராமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. போர் முடிந்த பிறகு என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாளை எழுதுவது என்றால் பக்கம் பக்கமாகப் புலம்புவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரோல்கீன் அதை எப்படிச் செய்தார் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரும் போர்களில் ஆயிரமாயிரமாய்ச் சாகிறார்கள். கடைசியில் பைவாட்டர் என்ற சிற்றூரில், நவம்பர் 3 இல், ஒரு சிறு சண்டை. அதற்கு அவர் தருகிற கணக்கைப் பாருங்கள்: ஊரவர்களில் இறந்தவர் 19 பேர், காயப்பட்டவர் முப்பது பேரளவில், வந்தேறிய முரடர்களில் இறந்தவர் எழுபதுக்குக் கிட்ட. இறந்த பத்தொன்பது பேரையும் ஒரே இடத்தில் புதைத்துக் கல் நாட்டுகிறார்கள். சண்டையில் நின்றவர்களின் பெயர்ப் பட்டியலை அந்நாட்டுச் சரித்திரகாரர் மனப்பாடம் செய்கிறார்கள். பெரிய களத்தில் எண்ணப்படாதவர்கள் சொந்த ஊரில் எண்ணப்படுகிறார்கள். மோதிரத்தைச் சுமந்துபோன நாயகன் புரோடோவின் உடம்பும் அப்படித்தான். கத்தி பட்ட ஒக்ரோபர் 6 வரும்போதும், சிலந்தி கொட்டிய மார்ச் 13 வரும்போதும் அவனுக்கு வருத்தம் திரும்புகிறது. ‘அவன் முன்போல் இல்லை’ என்று எழுதியிருந்தால் நாம் கடந்து போயிருப்போம். திகதி போட்டதால் அது பதிந்துவிட்டது.

சுருக்கமாகச் செய்வதற்குக் கம்பரைப் பார்க்க வேண்டும். முடிசூட்டும் பாட்டு ஒன்றே ஒன்று. அரியணையை அனுமன் தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் வெண்குடை பிடிக்கிறான், தம்பியர் இருவரும் கவரி வீசுகிறார்கள், கம்பரை ஆதரித்த வள்ளல் சடையனின் மரபினர் எடுத்துக் கொடுக்க வசிட்டர் முடி சூட்டுகிறார். நாலே அடிக்குள் ஆளுக்கொரு வேலை. அங்கதன் கையில் வாள் இருப்பதைக் கவனியுங்கள். தகப்பன் வாலியைக் கொன்றவனுக்குப் பக்கத்தில் வாளோடு நிற்கும் உரிமை அவனுக்குத்தான் கிடைக்கிறது. கிட்கிந்தையில் திறந்த கணக்கு அங்கே மூடப்படுகிறது, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே. அதற்குப் பிறகும் விடை கொடுத்த படலம் வைத்து வந்தவர்களை வரிசை கொடுத்து அனுப்பித்தான் நூலை முடிக்கிறார்.

இனி வேலை முறைக்கு வருவோம். இறுதிப் பாகத்தின் முதல் வரியை எழுதுமுன் ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். முந்தின பாகங்கள் எல்லாவற்றையும் திரும்ப வாசித்து ஐந்து நிரல் போட்டு எழுதுங்கள்: வாசகருக்கு எதை வாக்களித்தோம், எந்தப் பாகம் எந்த அத்தியாயம், கதைக்குள் அது யாருக்குத் தெரியும், கடைசியாக எங்கே நினைவூட்டினோம், எங்கே தீர்க்கப் போகிறோம். தொலைந்த வாள், சொல்லாமல் விட்ட தாயின் பெயர், திரும்பி வருவேன் என்று போன தூதன், எல்லாம் ஏற வேண்டும். இரண்டு பாகமாய்ப் பேச்சே வராத விடயத்துக்குச் சிவப்பு மையால் குறியிடுங்கள். அதைப் புதுப் பாகத்தின் முதற் காற்பகுதிக்குள் ஒருமுறை தொட்டுவிட வேண்டும். கடைசிக் களத்தில் திடீரென்று கொண்டுவந்தால் வாசகர் பழைய பாகத்தைத் தேடி அலுமாரிக்கு எழும்பிப் போவார். போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஐந்தாம் நிரல் வெறுமையாய் நிற்கிற வரிகள் அதிகமானால் இரண்டு மூன்றை ஒரே காட்சியில் தீர்க்கப் பாருங்கள். அங்கதன் வாளைப் போல.

அடுத்தது நாட்காட்டி. நாலு திசையில் நாலு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் களத்துக்கு வந்து சேர வேண்டும். நாட்கள் மேலிருந்து கீழே, ஆட்கள் இடமிருந்து வலமாக ஒரு தாள் போடுங்கள். நிலவுக்கும் ஒரு நிரல் வேண்டும். ரோல்கீன் நிலவுக் கணக்குப் பிழைத்ததைக் கண்டு எழுதிய அத்தியாயங்களைத் திருத்தியவர்.

தூரத்தில்தான் கூடுதலான தொடர்கள் சறுக்குகின்றன. முதற் பாகத்தில் மாதக் கணக்காய் நடந்த வழியைக் கடைசிப் பாகத்தில் ஒரு பத்தியில் கடந்துவிடுவார்கள். 2019 இல் முடிந்த ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இந்தக் குற்றச்சாட்டை நிறையவே வாங்கிக் கட்டியது. கால்நடைப் படை நாளுக்கு 20 முதல் 25 கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர், ஆகவே ஆறு ஏழு நாள். மாட்டு வண்டியில் சாமான் வந்தால் அதைவிடக் கூடும். குதிரை ஒன்று நாளுக்கு முப்பது லீற்றரளவு தண்ணீர் குடிக்கும். ஆயிரம் குதிரை வைத்தீர்களானால் 30,000 லீற்றர், 5,000 லீற்றர் பவுசரில் ஆறு. இதைக் கதையில் எழுதச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால் படையை எங்கே தங்க வைப்பது, எந்தக் குளத்துக்காக அடிபடுவது என்பது தானாகவே வரும்.

புது மந்திரம், புது ஆயுதம் பற்றி எச்சரிக்கை. ‘ஹாரி பொட்டர்’ ஏழாம் பாகம் மூன்று மாயப் பொருட்களைப் புதிதாய் அறிமுகம் செய்கிறது. ஒரு பொருள் முதற் பாகத்திலேயே கையில் இருந்த மறைப்புப் போர்வை என்பதால் அது பொருந்துகிறது. இன்னொரு பொருளான மந்திரக்கோல், உரியவனிடமிருந்து பறித்தவனுக்கே உரிமையாகும் என்ற விடயம் அவ்வளவு சுகமாக இல்லை. ஆறாம் பாகத்தில் ஹாரியோடு படிக்கும் டிராக்கோ தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கோலைத் தட்டிப் பறித்தது, ஏழில் ஹாரி டிராக்கோவின் கோலைப் பறித்தது, ஆகவே உரிமை கைமாறியது என்று கடைசி மோதலுக்கு நடுவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விதியைப் போருக்கு முன்னரே வாசகர் அறிந்திருக்க வேண்டும். போரில் அதன் விளைவு மட்டும் தெரிந்தால் போதும். அந்த நூல் போர் ஓய்ந்தவுடன் பத்தொன்பது வருடம் தாவிவிடுவதும் எனக்கு ஒப்பில்லை. ஹாரியின் நண்பன் ரொனின் இரட்டை அண்ணன்மாரில் ஒருவன் போரில் இறந்தான். மற்றவனான ஜோர்ஜ் மறுநாள் எப்படி எழும்பினான் என்று ஒரு காட்சிகூட இல்லை.

‘வீல் ஒஃப் ரைம்’ தொடரையும் சொல்லாமல் விட முடியாது. 1990 இல் தொடங்கிய றொபேட் ஜோர்டன் 2007 செப்ரெம்பரில் காலமானார், கடைசிப் பாகம் முடியாமலே. பதிப்பாசிரியரான மனைவி ஹரியற் மக்டூகல், பிரண்டன் சாண்டர்சனைத் தெரிவு செய்தார். ஒரு பாகம் என்று நினைத்தது 2009, 2010, 2013 என மூன்று நூல்களானது. ஜோர்டன் முடிவுக் காட்சியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், குறிப்புகளும் விட்டுப் போனார். அதனாலேதான் வேறொரு கை அதை முடிக்க முடிந்தது. நெடுந்தொடர் எழுதுகிறவர்கள் இதை அபசகுனமாக எடுக்காமல் கடைசிக் காட்சியை இப்போதே எழுதி வையுங்கள். மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம். பதினான்காம் நூலில் 37 ஆம் அத்தியாயம் மட்டும் ஏறத்தாழ 79,000 சொற்கள். ஒரு நாவலளவு போர், இடைநிறுத்த இடமில்லாமல். வாசகரையும் களைக்க வைக்கிற உத்தி அது, பலிக்கவும் செய்கிறது. ஆனால் அத்தனை ஆயிரம் பக்கத்துக்கும் பிறகு வருகிற முடிவுரை சிறியது. அரசுகளும் படைகளும் பிறகு என்னவாயின என்பதில் பெரும்பகுதி சொல்லப்படாமலே நிற்கிறது.

எத்தனை பக்கம் என்று திட்டமாகக் கேட்பீர்கள். என் கணக்கு, இறுதிப் பாகத்தில் ஆறில் ஒன்றுக்குக் குறையாமல் போருக்குப் பின் வைக்க வேண்டும். 600 பக்க நூலில் 100. அதில் முதற் பத்துப் பக்கத்துக்குள் யார் உயிரோடு இருக்கிறார் என்பது முழுதாகத் தெரிந்துவிட வேண்டும். பெரியவர்களை விட்டுச் சிறிய பாத்திரங்களிலிருந்து விடைபெறத் தொடங்குங்கள், இல்லையென்றால் நாயகன் போன பிறகு சமையற்காரனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த தொடருக்கான தூண்டிலை மட்டும் அந்த நூறு பக்கத்துக்குள் போடாதீர்கள். பதிப்பகத்தார் கேட்டால், அதைப் பின்னட்டையில் அறிவித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.