ஆங்கிலத்தின் மூளையும் தமிழின் நெஞ்சும்

(கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த மாணவர்களே, பெற்றோர்களே,

ஆங்கில மரபுத்தொடர் ஒன்றைக் கண்டால் அதன் பொருளை மட்டும் பாடமாக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அத்தொடருக்குள் கிடக்கும் காட்சியை முதலில் பாருங்கள் என்பதே இன்று நான் உங்களிடம் கேட்பது.

'ரக் யுவர் பிரெய்ன்ஸ்' என்றால் கடுமையாக யோசித்தல். 'ரக்' என்பது ஒருகாலத்தில் ஐரோப்பாவில் மனிதரைக் கட்டிக் கைகால்களை இழுத்து வதைத்த கருவி. ஆங்கிலம் பேசுவோர் மூளையை இழுக்கிறார்கள், நாம் கசக்குகிறோம்.

'மூளைச்சலவை' நாம் அன்றாடம் வழங்கும் சொல். சீன மொழியில் 'மூளையைக் கழுவுதல்' என்றிருந்ததை 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்படியே ஆங்கிலமாக்கிப் பரப்பினார்; அங்கிருந்து அது தமிழுக்கு வந்து சலவையாயிற்று. இரண்டு மொழிகளைக் கடந்து வந்தும் அந்தக் காட்சி சிதையவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆங்கிலமும் எல்லாவற்றையும் மூளையில் வைத்துவிடவில்லை. மனப்பாடம் செய்வதை 'பை ஹார்ட்' என்று இதயத்திடமே ஒப்படைக்கிறது. சிந்தனையின் இருப்பிடம் இதயம் என்றே அரிஸ்டாட்டிலும் கருதினார். நம் 'உள்ளம்' என்ற சொல்லோ உறுப்பு எதனையும் சுட்டாமல், 'உள்' என்பதோடு நின்றுவிடுகிறது. தேர்வுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மறந்துபோனதை 'ஸ்லிப்ட் மை மைண்ட்' என்று எழுதுங்கள், அங்கே 'பிரெய்ன்' பொருந்தாது.

1960களில் பிரித்தானிய விஞ்ஞானிகள் பலர் வட அமெரிக்காவுக்குச் சென்றபோது பிரித்தானியாவில் பரவிய தொடர் 'பிரெய்ன் டிரெய்ன்'. இலங்கைத் தமிழில் அதை மூளைசாலிகள் வெளியேற்றம் என்கிறோம். பொருள் சரிதான், ஆயினும் ஆங்கிலச் சொல்லில் ஓடிய தண்ணீர் நம் தொடரில் இல்லை. இங்கே 'டிரெய்ன்' என்பது நீர் வடிந்துபோதல். அதை வன்னிப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரும்போகத்தில் வரம்பு உடைந்து, தேக்கி வைத்த நீரெல்லாம் இரவோடிரவாக வடிந்துபோக, விடியலில் மண்வெட்டியோடு வயலில் நிற்கும் தந்தையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். நம் ஊரிலிருந்து ஒரு கணித ஆசிரியர் போகிறார், அடுத்த ஆண்டு ஒரு வைத்தியர் போகிறார் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்த வயல்தான் கண்முன் வருகிறது.