டிரியன் இல்லாத நாலாவது புத்தகத்தைத் தாண்டிடலாமா?

அடுத்த கேள்வி. “‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையில முதல் மூணையும் கீழ வைக்காம படிச்சேன். நாலாவது, ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’, 200 பக்கம் ஆச்சு. டிரியன், ஜான், டெனேரிஸ் மூணு பேருக்கும் ஒரு அத்தியாயம்கூட இல்ல. நேரா அஞ்சாவதுக்குப் போயிடலாமா?”

போகாதீங்க. ஆனா உங்க எரிச்சல் நியாயம்தான். இந்த வரிசையில ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தோட பார்வையில நகரும், அதனால பிடிச்ச ஆள் இல்லாதது உறுத்தும். அந்தப் புத்தகம் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா எங்க இடிக்குதுன்னு புரியும்.

மூணாவது புத்தகம் 2000ல வந்தது. அதுக்கப்புறம் கதையை அஞ்சு வருஷம் தள்ளி ஆரம்பிக்கணும்கிறதுதான் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினோட திட்டம். பிள்ளைங்க வளரணும், டிராகன்களும் வளரணும். ஆர்யாவுக்கு அந்த இடைவெளி சரியா பொருந்துச்சு. ராணி செர்ஸிக்குப் பொருந்தல. அவ்வளவு பகையை வச்சுக்கிட்டு அவ அஞ்சு வருஷம் சும்மா உட்கார்ந்திருப்பாளா? நடந்ததையெல்லாம் பின்னாடி திரும்பித் திரும்பி நினைச்சுப் பார்க்கிற மாதிரி எழுத வேண்டி வந்துச்சு. 2001ல அந்தத் திட்டத்தையே கைவிட்டுட்டார். அப்புறம் எழுதினது ஒரே புத்தகத்துல அடங்கல. காலத்தை வச்சு முன்பாதி பின்பாதின்னு வெட்டாம, இடத்தையும் ஆளையும் வச்சு வெட்டினாங்க. கிங்ஸ் லேண்டிங், ரிவர்லேண்ட்ஸ், டோர்ன், இரும்புத் தீவுகள் எல்லாம் 2005ல இந்தப் புத்தகமா வந்துச்சு. ஜான் இருக்கிற மதில் சுவரும், டெனேரிஸும் டிரியனும் இருக்கிற கிழக்கும் அடுத்ததுக்குப் போச்சு. அடுத்த வருஷமே அதுவும் வந்துடும்னு நம்புறதா கடைசிப் பக்கத்துல எழுதினார். வந்தது 2011ல.

ஆக உங்க கையில இருக்கிறது அரைக் கதை. அதான் நிறைவா இல்ல.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில இருக்கு. முன்னுரை அத்தியாயத்தையும் சேர்த்து மொத்தம் 46. அதுல செர்ஸிக்கு 10, பிரியெனுக்கு 8, ஜேமிக்கு 7. ஆர்யாவுக்கும் சான்ஸாவுக்கும் ஆளுக்கு 3தான். டோர்னும் இரும்புத் தீவும் 9 அத்தியாயத்தை எடுத்துக்குது, அது 6 பேரோட பார்வையில. அவங்க தலைப்பும் பேரா இருக்காது. ‘தி பிராஃபெட்’, ‘தி கேப்டன் ஆஃப் கார்ட்ஸ்’னு பட்டமா இருக்கும். யாரோட தலைக்குள்ள இருக்கோம்னு பிடிபடுறதுக்குள்ள அத்தியாயம் முடிஞ்சிடும். இதுக்குப் புத்தகத்தோட பின்னாடி இருக்கிற குடும்பப் பட்டியல் உதவும். கிரேஜாய் (இரும்புத் தீவு), மார்ட்டெல் (டோர்ன்) ரெண்டு பக்கத்துலயும் ஒரு அடையாளம் வச்சுக்கிட்டுப் படிங்க.

பிரியென் பகுதி இழுக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. காரணம் இருக்கு. அவ சான்ஸாவைத் தேடுறா. சான்ஸா எங்க இருக்கான்னு நமக்கு முன்னாடியே தெரியும். தேடல்ல மர்மமே இல்ல. அதனால “கண்டுபிடிப்பாளா?”ன்னு எதிர்பார்த்துப் படிச்சா ஏமாந்துதான் போவீங்க. அவ நடக்கிற ஊரைப் பாருங்க. முதல் மூணு புத்தகத்துல ராஜாக்கள் போட்ட சண்டை, குடியானவங்களுக்கு எதை மிச்சம் வச்சுதுன்னு இங்கதான் தெரியும். அவளோட அஞ்சாவது அத்தியாயத்துல செப்டன் (மத குரு) மெரிபால்ட் போரிலிருந்து ஓடிப்போன சிப்பாய்களைப் பத்திப் பேசுவார். இந்த வரிசை முழுசுக்கும் உயிரே அந்தப் பேச்சுதான். அதை விட்டுட்டுப் போறது பெரிய இழப்பு.

செர்ஸி பகுதி இன்னும் பலமானது. மூணு புத்தகமா வெளியிலிருந்து பார்த்த ஆளோட தலைக்குள்ள இப்பதான் முதல் தடவையா போறோம். தான் அப்பாவோட மறுபதிப்புன்னு அவ நம்புறா. அந்த நம்பிக்கையோட, அரசு மத அமைப்புக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி பண்ண வைக்க, அந்த அமைப்புக்கு ஆயுதம் ஏந்த அனுமதி கொடுக்கிறா. பிராவோஸ் இரும்பு வங்கிக்குக் கட்ட வேண்டியதையும் நிறுத்தி வைக்கிறா. ரெண்டும் அந்த நேரத்துல கெட்டிக்காரத்தனம் மாதிரியே தோணும்!

எனக்கு இன்னிக்கும் மனக்குறை டோர்ன்லதான். அந்த ஊர் இளவரசி அரியான் அருமையான பாத்திரம், ஆனா அங்க கிளப்பிவிட்ட கதை அஞ்சாவதுலயும் முடியல. ஆறாவது இன்னும் வராததால அப்படியே அந்தரத்துல நிக்குது.

சரி, டிரியன் இல்லாம முடியவே முடியலையா? ரெண்டையும் கலந்து படிக்கலாம். ரெண்டு புத்தகத்துக்கும் பொதுவா ஒரு காட்சி இருக்கு: ஜான் தன் நண்பன் சாம்வெல்லை (சாம்) ஓல்ட்டவுன் நகரத்துக்கு அனுப்புறது. நாலாவதுல சாமோட முதல் அத்தியாயம், ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ல ஜானோட ரெண்டாவது அத்தியாயம். சாமோட அத்தியாயம் முடிஞ்சதும் அஞ்சாவதை எடுத்து, ஜானோட அந்த அத்தியாயம் வரைக்கும் படிங்க. சாம் கண்ணுக்கு மாறிப்போனவனா தெரிஞ்ச ஜான் ஏன் அப்படி நடந்துக்கிட்டான்னு அங்க புரியும். அப்புறம் இதுல நாலு, அதுல ரெண்டுன்னு மாத்தி மாத்திப் போங்க. ஒரே ஒரு கட்டுப்பாடு: அஞ்சாவதுல ‘தி வேவர்ட் பிரைட்’னு இரும்புத் தீவு ஆஷாவோட அத்தியாயம் வந்ததும் நிறுத்திடுங்க. நாலாவது புத்தகத்து ஆளுங்க திரும்பி வர ஆரம்பிக்கிறது அங்கதான். அதைத் தாண்டினா செர்ஸிக்கும் ஜேமிக்கும் என்ன ஆச்சுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிடும். நாலாவதை முழுசா முடிச்சிட்டு, ஆஷாகிட்ட வாங்க.