ஹால் முடிந்தது, ஆனால் அந்த ஒன்பது கல்!

வணக்கம், வணக்கம்! இன்றைக்கு ட்ரைபாட் ஹாலுக்குள்ளேயே நிற்கிறது, கவனித்தீர்களா? ஹால் முடிந்துவிட்டது! ஏழு மாதமாகத் தூசியும் சிமெண்ட் மூட்டையுமாகவே இந்த வீட்டைப் பார்த்தீர்கள். கேமராவைத் தரைக்கு இறக்குகிறேன், பாருங்கள். சிவப்பு, ஓரத்தில் கரும்பச்சை, நடுவில் மஞ்சள் பூ. எல்லாம் ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக் கல்.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் மற்ற எதையும் பேச வராது. மூன்று வாரத்துக்கு முன் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பெயின்ட் வேலைக்கு வந்தவர் தரையில் இருந்த சிமெண்ட் கறையை எடுக்கிறேன் என்று பாத்ரூம் ஆசிடை ஊற்றித் தேய்த்துவிட்டார். வாசலை ஒட்டி ஒன்பது கல். வந்து பார்த்தால் பூவெல்லாம் சாம்பல் படிந்த மாதிரி கிடக்கிறது. கையை வைத்தால் உப்புத்தாளைத் தடவுவது போல் சொரசொரப்பு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆத்தங்குடி போன வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது சூளையில் சுட்ட டைல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் ஒவ்வொரு நிறமாகச் சாயச் சிமெண்ட்டைக் கையால் ஊற்றுவார்கள். அதன் மேல் மணலும் சிமெண்ட்டும் கலந்த கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காய வைப்பார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு, மேலே பாலிஷ் எதுவும் கிடையாது. ஆசிட் சிமெண்ட்டை அரித்துவிடும். அரித்தால் அந்த முகம் போனது போனதுதான். தயவுசெய்து வீட்டுக்கு வேலைக்கு வரும் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நல்லவேளை, கல் கூடுதலாக வாங்கியிருந்தேன். ஹால் 12க்கு 14 அடி, கல் 10 அங்குலம். கணக்குப்படி 242 போதும். நான் 240 வாங்கியதாகப் போன வீடியோவில் சொன்னேன், அது தவறு. பில்லை எடுத்துப் பார்த்தேன், 260. வெட்டும்போது ஆறு உடைந்தது, பன்னிரண்டு மிச்சம். கொத்தனார் அண்ணன் ஒரு நாள் முழுக்க உளியை வைத்து அந்த ஒன்பதையும் பெயர்த்தெடுத்தார். பக்கத்துக் கல் ஒன்றில்கூடக் கீறல் இல்லை! புதுக் கல்லைப் பதித்து, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு மரத்தூளில் தேங்காய் எண்ணெயைப் பிசிறித் தேய்த்தோம். இந்த ஒன்பது மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. ஆள் நடமாடி, எண்ணெய் ஏற ஏற மற்றதோடு சேர்ந்துகொள்ளும். மிச்சம் மூன்று கல் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது.

சுவர் வெறும் வெள்ளைதான். ஒரு சுவருக்கு மட்டும் ஊதா அடி என்று சித்தி சொன்னார். தரையில் இவ்வளவு பூ இருக்கும்போது சுவர் பேசாமல் இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம், நீல எல்இடி பட்டை வேண்டவே வேண்டாம், எனக்கு அது துணிக்கடை ஞாபகம்தான். பல்பு 3000 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம். முதலில் வெள்ளை வெளிச்சம் தரும் 6500 போட்டேன், கல்லின் சிவப்பு செத்துப்போய்த் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம் வந்ததும் தரை முழுக்கக் குங்குமம்!

அட, கதவை மறந்தே போனேன். பழைய தரைக்கு மேலேயே கலவை போட்டுப் பதித்ததால் தளம் ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. தாத்தா காலத்துத் தேக்கு இரட்டைக் கதவு திறக்கவே இல்லை. புதிதாக ஃப்ளஷ் டோர், அதாவது வேலைப்பாடு இல்லாத தட்டைக் கதவு, மாட்டிவிடலாம் என்றார்கள். ஃப்ளஷ் டோரா? இந்த வாசலுக்கா? ஆசாரி ஐயா இரண்டு கதவையும் கழற்றி, கீழ்ச்சட்டத்தை அறுத்து இழைத்து, பழைய பித்தளைக் குமிழோடு திரும்ப மாட்டினார். 1,400 ரூபாய். வெறும் 1,400! இழைக்கும்போது தேக்கு வாசம் வீடு முழுக்க வந்தது. அம்மா அந்த மரச்சீவல் சுருளில் ஒரு பிடி அள்ளி எடுத்து வைத்துக்கொண்டார்.

இனி ஊஞ்சல்தான் பாக்கி. கொக்கி மேலே தயார், பலகையும் வந்துவிட்டது. சங்கிலி பித்தளையா, இரும்பா? எனக்குப் பித்தளை, தம்பிக்கு இரும்பு. சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். அதற்குள் கமெண்டில் சொல்லுங்கள்.