வினைச்சொல் வருவதற்குள்

(கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஊர் நூலகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஒருநாள் முறம் கேட்டார். பேர் மட்டும் வாயில் வரவில்லை. "அந்தப்... புடைக்கறது, அதை எடு கண்ணு" என்றார். எடுத்துக் கொடுத்ததும் கை தானாக ஓடியது. உமி பறந்தது, குருணை தனியே ஒதுங்கியது, கொஞ்சமும் பிசகவில்லை. மறதி நோயில் பொருள்களின் பெயர்கள் சீக்கிரமே நழுவும். கை பழகிய வேலை வெகுநாள் நிற்கும்.

கேட்டதை அந்த நேரத்துக்கு ஏந்தி வைத்துக்கொள்கிற நினைவும் குறைகிறது. செயல் நினைவு என்பார்கள். 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் மருத்துவர் அல்சைமர் 51 வயதுப் பெண் ஒருவரைப் பெயர் எழுதச் சொன்னார். 'திருமதி' என்று எழுதியவர், அடுத்து என்ன எழுதுவதென்று மறந்து நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் நோயைத்தான் 1906-ல் மருத்துவர்கள் கூட்டமொன்றில் அல்சைமர் விவரித்தார். அவர் பேரால்தான் அந்த மறதி நோயை அல்சைமர் நோய் என்கிறோம்.

இப்போது நம் வீட்டுப் பேச்சைக் கேளுங்கள். "அமுச்சி, பத்து மணி பஸ்ஸுல பெருந்துறை போய் டாக்டரைப் பார்த்துட்டு, வர்ற வழியில சந்தைக்கும் போகணும், சீலையை மாத்திக்குங்க." தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதுவரை முன்னால் சொன்னதையெல்லாம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவரால் முடியாது. "யாரு வர்றாங்க?" என்பார். காது மந்தம் என்று நினைத்து நானும் இன்னும் சத்தமாக, இன்னும் நீளமாகச் சொல்லியிருக்கிறேன். பெரிய தப்பு. "சீலை மாத்துங்க" என்று சீலையைக் கையில் கொடுத்தால் போதும். மாற்றின அப்புறம் பஸ்ஸைப் பற்றிப் பேசலாம்.

பதில் வரும்வரை பொறுத்திருங்கள். "நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள், தயவுசெய்து. வயசாயிருச்சு என்று விட்டுவிடவும் வேண்டாம். தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும், அதற்கு வைத்தியம் உண்டு. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசி வருஷத்தில் அமுச்சிக்கு என் பேரும் போயிற்று, முகமும் போயிற்று. நம் ஊர் 'ங்க' மட்டும் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

உட்கார்ந்தேன். சொம்பை வாங்கிக் குடித்தேன்.