‘தி கண்டெண்டர்’ படத்துல அந்தம்மா ஏன் வாயே திறக்கல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். 2000-ல வந்த ‘தி கண்டெண்டர்’ படத்தப் பத்தி நேயர் ஒருத்தர் மூணு சந்தேகம் கேட்டிருக்கார். துணை அதிபர் பதவிக்கு அதிபர் பேர் சொன்ன லேன் ஹான்சன்ங்கற பெண் செனட்டர், காலேஜ்ல படிக்கறப்ப ஒரு பார்ட்டியில பல பேரோட உறவு வெச்சிருந்தாங்கன்னு ஒரு கமிட்டி குடைய, அவங்க பதிலே சொல்லாம இருக்கறதுதான் கதை. அமெரிக்காவுல துணை அதிபர், அதிபரோட சேர்ந்து தேர்தல்ல ஜெயிச்சுதானே வருவார், அப்புறம் எதுக்கு ஒரு கமிட்டி விசாரிக்குது? காலேஜ்ல நடந்ததாச் சொல்ற விஷயத்துக்கு ஆமான்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம இருக்க அந்தம்மாவுக்கு சட்டத்துல இடம் இருக்கா? கடைசியில அதிபர் சபைக்கே வந்து ‘இப்பவே ஓட்டு எடுங்க’ங்கறாரே, அது முடியுமா? படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டு பாத்துட்டு வாங்க. முடிவைச் சொல்லாம இதுக்கு விளக்கம் சொல்ல முடியாது.

முதல் கேள்வி. கதை தொடங்கறப்ப துணை அதிபர் இறந்துட்டார், பதவி காலி. அங்க இதுக்கு இடைத்தேர்தல் கிடையாது. 1967 வரைக்கும் காலின்னா காலிதான், அடுத்த அதிபர் தேர்தல் வரைக்கும் நிரப்பவே வழி இல்ல. அதுவரைக்கும் 16 தடவை அப்படிக் காலியாகியிருக்கு. 1963 நவம்பர்ல கென்னடி சுடப்பட்டு ஜான்சன் அதிபரானார் இல்லையா, அப்பலேர்ந்து 1965 ஜனவரி வரைக்கும் துணை அதிபர்னு ஒருத்தர் இல்லவே இல்ல. அதுக்கப்புறம் வந்ததுதான் அரசியல் சாசனத்தோட 25-வது திருத்தம். அதோட ரெண்டாவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம்: அதிபர் ஒருத்தர் பேரைச் சொல்லணும், அமெரிக்க நாடாளுமன்றத்தோட ரெண்டு சபைகளான செனட்டும் பிரதிநிதிகள் சபையும் ரெண்டுமே பெரும்பான்மையில ஒத்துக்கணும்.

இதுல ஒரு விஷயத்தப் பிடிச்சுக்கங்க. மந்திரி, நீதிபதி, தூதர் யாரா இருந்தாலும் ஒப்புதல் குடுக்கறது செனட் மட்டும்தான். பிரதிநிதிகள் சபைக்கு அந்த உரிமை இந்த ஒரே ஒரு பதவிக்குத்தான் இருக்கு. கேரி ஓல்ட்மேன் நடிச்ச ஷெல்லி ரன்யன், பிரதிநிதிகள் சபையோட நீதித்துறைக் கமிட்டி சேர்மன். அந்த நாற்காலியில இருக்கறவருக்கு இப்படி ஒரு ஆள் கையில சிக்கறது வாழ்நாள்ல ஒரு தடவை நடந்தா உண்டு. மனுஷன் ஏன் அப்படி விடாப்பிடியா நிக்கறார்ங்கறது இது தெரிஞ்சாத்தான் புரியும்.

நிஜத்துல இது நடந்தது ரெண்டே தடவை. 1973 அக்டோபர் 10, வரி ஏய்ப்பு வழக்குல ஸ்பைரோ ஆக்னியூ ராஜினாமா. 12-ஆம் தேதி நிக்சன், ஜெரால்ட் ஃபோர்டு பேரை அறிவிச்சார். எஃப்பிஐ 350-க்கு மேல ஆளுங்கள இறக்கி அவர் பூர்வீகம் முழுக்கத் துருவிச்சு. நவம்பர் 27 செனட்ல 92–3, டிசம்பர் 6 பிரதிநிதிகள் சபையில 387–35, அன்னைக்கே பதவிப் பிரமாணம். மொத்தம் எட்டு வாரம்.

அந்த எட்டு வாரத்தையே தனியா ஒரு படமா எடுக்கலாம். துணை அதிபர் இல்லன்னா அதிபருக்கு அடுத்த இடம் பிரதிநிதிகள் சபை சபாநாயகருக்கு. அப்ப அது கார்ல் ஆல்பர்ட், டெமாக்ரடிக் கட்சி. நிக்சன் ரிபப்ளிகன், வாட்டர்கேட் ஊழல்ல கழுத்து வரைக்கும் மூழ்கிட்டிருக்கார். நடுவுல அக்டோபர் 20 ராத்திரி தன்ன விசாரிக்கற சிறப்பு வழக்கறிஞரையே தூக்க வெச்சார். ஃபோர்டை அப்படியே இழுத்தடிச்சா ஓட்டே இல்லாம ஆட்சி கைமாறும்னு டெமாக்ரடிக் கட்சியில சிலர் கணக்குப் போட்டாங்க. ஆல்பர்ட் அதுக்கு உடன்படல. படத்துலயும் பதவி காலியாத்தான் இருக்கு, ஆனா இந்தப் பதற்றத்த இயக்குநர் ராட் லூரி தொடவே இல்ல.

ரெண்டாவது, 1974-ல நிக்சன் விலகி ஃபோர்டு அதிபரானதும் காலியான இடத்துக்கு நெல்சன் ராக்கஃபெல்லர். ஆகஸ்ட் 20-ல பேரைச் சொல்லி டிசம்பர் 19 வரைக்கும் நாலு மாசம் இழுத்துது. பின்னாடி வெளியுறவு அமைச்சரான ஹென்றி கிஸ்ஸிங்கருக்கு 50,000 டாலர் அன்பளிப்பு குடுத்தது, 1970 நியூயார்க் கவர்னர் தேர்தல்ல எதிராளி ஆர்தர் கோல்ட்பெர்கைத் தாக்கி வந்த புத்தகத்துக்குப் பணம் போனது, எல்லாம் வெளிய வந்துச்சு. படத்துல கமிட்டி படுக்கையறையத் தோண்டுது. நிஜத்துல தோண்டினது கணக்குப் புத்தகத்த.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். ஜோன் ஆலன் நடிச்ச லேன் ஹான்சன் அங்க குற்றவாளி இல்ல, சாட்சி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலன்னா காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவமதிப்புன்னு ஒரு குற்றம் இருக்கு, ஒரு வருஷம் வரைக்கும் சிறை. ஆனா கேட்ட கேள்வி விசாரிக்கற விஷயத்தோட சம்பந்தப்பட்டதா இருக்கணும். இத 1957-ல வாட்கின்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லுச்சு. காலேஜ் பார்ட்டியில யாரோட இருந்தேங்கறதுக்கும் துணை அதிபர் வேலைக்கும் என்ன சம்பந்தம்னு அந்தம்மா கேட்டா, அது வலுவான வாதம். அதுவும் போக, பதவிக்குப் பேர் சொல்லப்பட்டவங்க மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. எதிர்த்து ஓட்டுப் போட்டாப் போதும், கதை முடிஞ்சுது. அதனால மௌனத்துக்கு சட்டத்துல பெரிய ஆபத்து இல்ல, அரசியல்லதான் மொத்த ஆபத்தும்.

சரி, ‘இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேன்னா, அங்கதான் வலை. இல்லன்னு சொன்ன அந்த நிமிஷமே, இத என்கிட்ட கேக்கலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அடுத்தது யாரு, எப்ப, எத்தன பேருன்னு போய்க்கிட்டே இருக்கும். சத்தியப் பிரமாணத்துல சொன்ன ஒரு தேதி மாறினாக்கூட பொய் சாட்சின்னு பிடிப்பாங்க. 1998 டிசம்பர்ல கிளின்டன் மேல அதே நீதித்துறைக் கமிட்டி கொண்டுவந்த குற்றச்சாட்டுல முதல் அம்சமே பொய் சாட்சிதான். படம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள.

கமிட்டி அந்தம்மாகிட்ட கேக்கற கடவுள் நம்பிக்கை பத்தின கேள்வியும் இதே ரகம். அரசியல் சாசனத்தோட 6-வது பிரிவு, எந்தப் பதவிக்கும் மதத்த தகுதியா வைக்கக் கூடாதுங்குது. ஆனா மதத்த மனசுல வெச்சுக்கிட்டு எதிர்த்து ஓட்டுப் போடற உறுப்பினரை அது தடுக்காது.

ஒரு குறை சொல்லணும். ஜெஃப் பிரிட்ஜஸ் நடிச்ச அதிபர்கிட்ட அந்தம்மா கடைசியில தனியா, நடந்ததே வேறன்னு சொல்லிடறாங்க. அந்தக் காட்சியே வேண்டாம். நடந்திருந்தாலும் கேக்கக் கூடாதுங்கறதுதான் படத்தோட வாதம். நடக்கலன்னு நம்மகிட்ட சொல்லி ஆறுதல் குடுத்தா வாதம் பாதியாயிடுது. பார்ட்டிப் பொய்ய விட, அதே பதவிக்குப் போட்டியில இருந்த கவர்னர் ஹாத்தவே, பாலத்துலேர்ந்து தண்ணில விழுந்த கார்ல இருந்த பெண்ணைக் காப்பாத்தப் போற மாதிரி போட்ட நாடகம் எவ்வளவோ மேல். அத எஃப்பிஐ கண்டுபிடிக்கறதும் நம்பற மாதிரிதான், ஏன்னா பின்னணி விசாரணைக்கு சம்பளம் வாங்கறவங்களே அவங்கதான்.

மூணாவது கேள்வி சுலபம். முடியாது. ரெண்டு சபையும் தீர்மானம் போட்டு கூட்டுக் கூட்டத்துக்கு அழைச்சாத்தான் அதிபர் வந்து பேச முடியும். அவசரம்னா அவரே சபையக் கூட்டலாம், சாசனத்துல இடம் இருக்கு. கூட்டலாமே தவிர ஓட்டு எடுன்னு உத்தரவு போட முடியாது. கூட்டுக் கூட்டத்துல பேச்சு முடிஞ்சா கலைஞ்சு போவாங்க, இந்த மாதிரி ஓட்டு அங்க நடக்காது. பேர் வாரியா ஓட்டு வேணும்னா வந்திருக்கற உறுப்பினர்கள்ல அஞ்சுல ஒரு பங்கு பேர் கேக்கணும். பிரதிநிதிகள் சபையில 1973-லேர்ந்து அதுக்கு மெஷின் இருக்கு. கார்டைச் செருகி பட்டன அமுக்கணும், குறைஞ்சது 15 நிமிஷம் திறந்து வெச்சிருப்பாங்க. இன்னொண்ணு, கமிட்டி கைவிரிச்சாலும் முழு சபை ஓட்டுப் போட்டு நிறைவேத்தலாம். ஃபோர்டுக்கு நீதித்துறைக் கமிட்டியில கிடைச்சது 29–8. அது தலைகீழா விழுந்திருந்தாலும், சபையில ஆள்பலம் இருந்தா சேர்மன் ஒருத்தரால அத நிறுத்த முடியாது.