என்னை நம்பாத கருவி

அனைவருக்கும் வணக்கம். சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தேன் என்றதும் எல்லாரும் கேட்பது இதுதான்: "வண்டி வந்தா பச்சைக்கொடி, போனா தூக்கம், அவ்வளவுதானே சார்?" தூக்கம் உண்மைதான், மறுக்கவில்லை. கொடி காட்டுவதற்கு முன்னால் நடப்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திருவாரூர் - காரைக்குடி மீட்டர் கேஜ் தடம், ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு வண்டி புகுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுத்தது என் அறையில் இருந்த நீல்ஸ் டோக்கன் கருவி. அதற்குள் இரும்புப் பந்துகள் இருக்கும். பந்தில் நம் ஸ்டேஷன் பெயரும் அடுத்த ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும். அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.

நான் நினைத்தால் பந்தை எடுத்துவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்து லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டி அனுப்பலாம் என்ற சம்மதம், கேட்க வேண்டும். அங்கிருப்பவர் தன் கருவியை இயக்கிச் சம்மதம் தந்தால்தான் இங்கே பந்து விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அங்கேயோ இங்கேயோ அதைத் திரும்பப் போடும்வரை இரண்டு கருவியும் பூட்டுத்தான். நானும் அவரும் சேர்ந்து கேட்டாலும் இரண்டாவது பந்து வராது. என்னை நம்பாமல் செய்த கருவி! அதில் எனக்கு வருத்தமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு என்னை நானே நம்ப மாட்டேன்.

கம்பன் எக்ஸ்பிரஸ் நம் ஊரில் நிற்காது. பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, பாயின்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். ஓடும் என்ஜினிலிருந்து உதவி டிரைவர் கையை நீட்டி அதை மாட்டிக்கொள்வார், முந்தைய ஸ்டேஷனில் வாங்கிய பந்தோடு பழைய வளையத்தை வீசுவார். சில நாள் அது உருண்டு நேரே வயலுக்குள் போய்விடும். வண்டி போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் பந்து கருவிக்குள் வரவில்லையே! அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது. நடவு வயலில் அரிக்கேன் விளக்கோடு நாங்கள் துழாவ, கன்ட்ரோல் போனில் விழுகிற வசவை இந்த மேடையில் சொல்ல முடியாது.

இன்னொன்று. கைகாட்டி விளக்கில் சிவப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது பச்சை அல்ல, நீலம். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் அல்லவா, நீலத்தின் வழியே பார்த்தால் பச்சையாகத் தெரியும். ஏணியில் ஏறித் திரியைத் தூண்டிவிட்டு வருகிறவருக்குத்தான் அது தெரியும்.

அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்தவரும் நம்ம ஜாதிதான். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் ஸ்டேஷன் மாஸ்டர், தாமஸ் எட்மண்ட்சன். ஒவ்வொரு சீட்டாகக் கையால் எழுதி அலுத்துப்போய், 1830களில் எண் அச்சிட்ட அட்டைக்கு வழி பண்ணினார்.

பிறகு நம் தடம் அகலப்பாதையாகி, 2019இல் முழுத் தூரமும் வண்டி ஓடியது. தண்டவாளம் புதுசு, கட்டடம் புதுசு, ஆனால் கேட்டுக்கு ஆள் இல்லை. கேட் கீப்பரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன்னால் நிறுத்துவது, ஒருவர் இறங்கி மூடுவது, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு ஏறிக்கொள்வது. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல்! கோடிக்கணக்கில் போட்டுப் பாதை அமைத்தவர்களுக்கு, கேட்டில் ஒரு மனிதர் நிற்க வேண்டும் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை.