மாடில்லாத வீட்டுக்கு மாட்டுக்கொட்டில்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணியில் இருக்கும் அக்காமாருக்கும் தம்பிக்கும் வணக்கம். வெளியே ஸ்னோ கொட்டுகிறது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் வீட்டில் படுத்துக்கிடக்காமல் இங்கே வந்து கதிரைகளை நிரப்பியிருக்கும் உங்களுக்கு இரண்டு வணக்கம்.

தலைப்பு இதுதான்: ரொறன்ரோ போன்ற ஒரு நகரத்தின் மத்தியில், கார் தரிப்பிடமே இல்லாமல் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் கட்டுவது தகுமா, தகாதா? தகும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அக்கா மூன்று கேள்விகளை வீசிவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். மைனஸ் இருபதில் கைப்பிள்ளையோடு பஸ்ஸுக்கு நிற்பதா? பிறந்தநாளுக்கு வரும் சொந்தக்காரர் காரை எங்கே விடுவது? இது பில்டர் காசு மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டம்தானே? கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். நல்ல கேள்விகள்தான்.

ஆனால் அக்கா மைக்கைப் பிடித்ததும் முதலில் என்ன சொன்னார்? "மன்னிக்கவேண்டும், பார்க்கிங் தேடிச் சுற்றியதில் பிந்திவிட்டது." நடுவர் ஐயா, இந்த மண்டபத்துக்குப் பார்க்கிங் இருக்கிறது. மண்டபத்தை விடப் பெரிய பார்க்கிங். அப்படியும் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை! கட்டக் கட்டக் காணாமல் போகிற ஒரே பொருள் உலகத்தில் பார்க்கிங்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கோ நடக்கப்போகிற கதை இல்லை. டவுன்டவுனில் யூனிவர்சிட்டி அவெனியூ 426ஆம் இலக்கத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ரோயல் கனேடியன் மிலிட்டரி இன்ஸ்டிடியூட் என்ற இராணுவ அதிகாரிகளின் பழைய கழகம் இருந்த காணி. ஒடுங்கின காணி. பழைய முகப்பை வைத்துக்கொண்டு அதற்கு மேல் 42 மாடி எழுப்பக் கேட்டார்கள். 315 வீடுகள். குடியிருப்பவர்களுக்குத் தரிப்பிடம் பூச்சியம். பகிர்ந்து ஓட்டுகிற வாடகைக் கார்களுக்கு மட்டும் 9 இடம். நகரசபையின் திட்டமிடல் அதிகாரிகள் "கூடாது" என்று எழுதினார்கள். 2009இல் நகரசபை உறுப்பினர்கள் அதையும் தாண்டி அனுமதி கொடுத்தார்கள். அப்போது இங்கே பலரும் அக்கா மாதிரியேதான் கேட்டார்கள்: யாரப்பா இதை வாங்குவான்?

வாங்கினார்கள், குடியும் புகுந்தார்கள். வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் சென் பற்றிக் சப்வே. 1963இல் இருந்து அங்கே ரயில் நிற்கிறது. இந்தப் பக்கம் டன்டாஸ் ஸ்ட்ரீட்கார். அந்தப் பக்கம் தெரு நீளத்துக்கு வரிசையாக ஆஸ்பத்திரிகள். இரவு வேலை முடிந்த ஒரு நர்ஸ் பாதை கடந்து நடந்தே வீட்டுக்கு வரலாம். அவருக்கு நீங்கள் நிலத்துக்குக் கீழே ஒரு குழி தோண்டிக் கொடுக்கவேண்டுமா?

குழி என்று சும்மா சொல்லவில்லை. இந்த நகரத்து விதிப்படி ஒரு தரிப்பிடம் 5.6 மீற்றர் நீளம், 2.6 மீற்றர் அகலம். சதுர அடியில் சொன்னால் 157. கார் அதற்குள் பறந்து வந்து இறங்காது. திரும்ப வழி வேண்டும், இறங்க சரிவுப் பாதை வேண்டும், நடுவில் தூண் வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 300 சதுர அடிக்கு மேல் போய்விடும். இப்போது டவுன்டவுனில் விற்கிற ஸ்டூடியோ வீடு ஒன்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மனிதனுக்குக் கட்டுகிற அதே அளவு இடத்தை ஒரு ரொயோற்றாவுக்கும் கட்டுகிறோம். கீழே போகப் போகத் தண்ணீர் ஊறும், அதை இறைக்கவேண்டும், பக்கத்துக் கட்டிடம் சரியாமல் முட்டுக்கொடுக்கவேண்டும். நிலத்தடித் தரிப்பிடம் ஒன்றுக்கு 48,000 டொலரில் இருந்து 160,000 டொலர் வரை செலவாகும் என்று 2021இல் நகரசபை அதிகாரிகளே அறிக்கை கொடுத்தார்கள்.

கட்டுவதோடு முடிந்தால் பரவாயில்லை. நான் எங்கள் கொண்டோவை நிர்வகிக்கிற போர்டில் ஆறு வருடம் இருந்தவன். பெயர் வேண்டாம், பழைய கட்டிடம், இங்கே ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபரோவில்தான். போர்டில் சேர்ந்த முதல் பனிக்காலம் என்னைப் பீ டூவுக்கு, அதாவது நிலத்தடித் தரிப்பிடத்தின் இரண்டாம் தளத்துக்கு, கூட்டிக்கொண்டு போனார்கள். கூரையில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காருக்கு மேல் விழாமல் இருக்க, பிளாஸ்டிக் தாளைத் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் இருந்து ஒரு குழாயை வாளிக்குள் விட்டிருந்தார்கள். சுவரில் துருக்கறை, அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தெருவில் கொட்டுகிற உப்பு, கார்ச் சில்லோடு ஒட்டிய ஸ்னோவில் கரைந்து, உள்ளே வந்து உருகி, கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறது. பொறியியலாளர் ஒருவர் வந்தார். ஸ்கான் மெஷின் கொண்டுவருவார் என்று பார்த்தேன். மனிசன் ஒரு இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார். நல்ல கொங்கிரீட்டில் சங்கிலி கணீர் என்றது. உள்ளே பிரிந்த இடத்தில் தகரத்தைத் தட்டினதுபோல் பொள்ளலாகக் கேட்டது. பொள்ளல் கேட்ட இடத்தில் எல்லாம் சோக்கால் வட்டம் போட்டார். கடைசியில் பீ டூ முழுக்கக் கோலம்.

இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2012இல் ஒன்ராறியோவின் எலியட் லேக்கில் ஒரு ஷொப்பிங் மோலின் கூரைத் தரிப்பிடம் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். வருடக்கணக்காகத் தண்ணீரும் உப்பும் கசிந்து இரும்பை அரித்ததுதான் காரணம்.

எங்கள் திருத்தவேலைக்கு வீட்டுக்கு வீடு தனியாகக் காசு கேட்டுக் கடிதம் அனுப்பினோம். ஏழாம் மாடியில் ஒரு ஆச்சி. கார் இல்லை, லைசென்ஸும் இல்லை. கோயிலுக்கும் கடைக்கும் பஸ்தான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழும்பிக் கேட்டார்: "தம்பி, என்னட்ட மாடே இல்லை. மாட்டுக்கொட்டில் வேயக் கிடுகு மட்டும் நான் ஏன் வாங்கவேணும்?" போர்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தரிப்பிடம் பொதுச் சொத்து, அதனால் எல்லாரும் கட்டவேண்டும் என்று மனேஜர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஆச்சி காசைக் கட்டினார். எனக்குத்தான் அன்றைக்கு நித்திரை வரவில்லை.

ஐயா, எங்கள் அணியின் வாதம் அந்த ஆச்சியின் கேள்விதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் இவ்வளவு காலமும் நெய்யை அள்ளி ஊற்றிக்கொண்டது கார் இல்லாதவர்களின் சட்டியில் இருந்து.

யப்பானைப் பாருங்கள். அங்கே 1962இல் இருந்து ஒரு சட்டம். டோக்கியோவில் கார் பதியப் போனால், அதை விட இடம் இருக்கிறது என்று முதலில் காட்டவேண்டும். அந்தச் சான்றிதழைக் கொடுப்பது பொலிஸ். யானை வாங்குகிறவன்தான் அதைக் கட்டிவைக்கத் தறியும் தேடவேண்டும். நாங்கள் இங்கே தலைகீழாகச் செய்தோம். யானை வாங்காதவன் வீட்டிலும் தறி அடித்துவிட்டு, "ஒருவேளை நாளைக்கு வாங்குவாய்" என்றோம்.

இப்போது அக்காவின் கேள்விகள். முதலில் குளிர். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலுக்கு ஸ்னோ விழுவது தெரியாது. அக்காவின் கார் சூடான பேஸ்மென்டில் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது போய் நிற்கிற இடம்? சுரண்டியை எடுத்துக் கண்ணாடி சுரண்டாதவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் கை தூக்குங்கள். இன்னொன்று, வீடு கட்டினால் இத்தனை தரிப்பிடமும் கட்டவேண்டும் என்ற கட்டாயத் தரிப்பிட விதியைக் கனடாவின் பெரிய நகரங்களில் முதலில் முழுதாக எடுத்தது எது தெரியுமா? எட்மன்டன். 2020இல். எட்மன்டனில் இருந்து வந்த யாராவது இருந்தால், எங்கள் குளிரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நயாகராவுக்கு அந்தப் பக்கம், ஸ்னோவுக்குப் பெயர்போன பஃபலோ அதையும் முந்தி 2017இலேயே செய்துவிட்டது.

சொந்தக்காரர் வந்தால்? 2021 டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை, வீடுகளுக்கு இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியைப் பெரும்பாலும் நீக்கியது. ஆனால் விருந்தினர் தரிப்பிடத்தையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிடத்தையும் அப்போது நீக்கவில்லை. அக்காவின் மச்சான் வரலாம். கேக்கோடு வரலாம்.

பில்டர் காசு மிச்சம் பிடிப்பாரா? பிடிப்பார். அவர் என்ன அன்னதான மடமா நடத்துகிறார்? மிச்சத்தை எல்லாம் வாங்குபவர் கையில் கொடுப்பார் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இது மட்டும் எனக்குத் தெரியும்: தோண்டாத குழிக்கு யாரும் வட்டி கட்டப்போவதில்லை, முப்பது வருடம் கழித்துச் சங்கிலி இழுக்கவும் ஆள் தேவையில்லை.

ஒரு இடத்தில் எதிரணியோடு நான் ஒத்துப்போகிறேன். எங்கள் ஸ்காபரோ. 2023 ஜூலையில் ஆர்ட்டி என்கிற எங்கள் பக்கத்து நகர ரயில் தடம்புரண்டது, பிறகு ஓடவே இல்லை, அதற்குப் பதிலாகப் பஸ் விட்டுவிட்டார்கள். பிரம்டன் பக்கம் வெயார்ஹவுசில் இரவு வேலை முடித்து அதிகாலை மூன்று மணிக்கு வெளியே வருகிறவனிடம் "பஸ்ஸில் போ" என்று சொன்னால், அவன் என்னைக் கதிரையால் அடிப்பான். அடிக்கவேண்டும். அவனுக்குத் தரிப்பிடத்தோடு வீடு வேண்டும், அப்படி வீடுகள் நிறையவே இருக்கின்றன. பில்டர் விரும்பினால் இனியும் கட்டலாம். சட்டம் எடுத்தது கட்டாயத்தை மட்டும். 2024இல் ஒன்ராறியோ அரசும் பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றிய வட்டாரங்களில் கட்டாயத் தரிப்பிடம் கேட்கக்கூடாது என்று நகரசபைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டது. தலைப்பில் "நகரத்தின் மத்தியில்" என்று இருப்பதை அக்கா கவனிக்கவில்லை. பார்க்கிங் தேடிய அவசரமாக இருக்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா கையில் இருக்கிற துண்டையும் காட்டுகிறார். ஒரேயொரு தனிப்பட்ட வேண்டுகோளோடு முடிக்கிறேன். அக்கா, நான் இன்றைக்கு இரண்டு பஸ் மாறி வந்தேன். போகும்போது உங்கள் காரில் என்னை சப்வேயில் இறக்கிவிடுவீர்களா? சிரிக்காதீர்கள், கார் கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? காரை எங்கே விட்டீர்கள் என்று மட்டும் இப்போதே ஞாபகப்படுத்தி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.